போக்குவரவு செய்தாச்சா?

இடுக்கி மாவட்டத்தில் ஒரு துண்டு நிலம் வாங்கிய தமிழர், பத்திரம் பதிந்த கையோடு கிராம அலுவலகத்துக்குப் போகிறார். மேசைக்கு அந்தப் பக்கமிருந்து கேள்வி வருகிறது: "போக்குவரவு செய்தோ?" தமிழ்க் காதுக்கு இது பஸ் வசதி பற்றிய விசாரணை போல விழும். கேட்டவர் தெரிந்துகொள்ள விரும்புவது வேறு. நிலம் ஒரு பெயரிலிருந்து போய் இன்னொரு பெயருக்கு வந்துவிட்டதா என்கிறார். தேனியிலும் பொள்ளாச்சியிலும் இதற்குப் பட்டா மாற்றம் என்று பெயர். ஆங்கிலப் படிவத்தில் இதே காரியம் மியூட்டேஷன். பள்ளிக்கூடத்தில் உயிரியல் படித்தவருக்கு அங்கே மரபணு ஞாபகம் வரும்.

அடுத்து 'தண்டப்பேர்' எண் கேட்பார்கள். அபராதம் கட்டச் சொல்கிறார்களோ என்று மிரள வேண்டாம். வரி தண்டும் கணக்கில் யார் பெயர் ஏறியிருக்கிறதோ அது தண்டப்பேர். வரியை வசூலிப்பதற்குத் 'தண்டுதல்' என்று சொன்ன பழந்தமிழ் வழக்கை நாம் வட்டிக்காரர்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டோம். கேரள வருவாய்த்துறை பத்திரமாக வைத்திருக்கிறது. 'கரம் அடைத்த ரசீது' என்றால் வரி கட்டிய ரசீது. 'பட்டயம்' இருக்கிறதா என்று கேட்டால் பாலிடெக்னிக் சான்றிதழை நீட்டக்கூடாது. அது நம் பட்டா.

பாலக்காட்டுக் கணவாயிலும் இடுக்கி மலையிலும் இந்தத் தடுமாற்றம் நேற்று வந்ததல்ல. தமிழும் மலையாளமும் ஒரே முற்றத்தில் புழங்கும் ஊர்கள் இவை. அங்கே ஆங்கிலம் மூன்றாவதாக வந்து, ஒவ்வொரு சொல்லையும் பிடித்து நிறுத்தி, 'இதற்கு எங்கள் பாஷையில் என்ன?' என்று கேட்டது. யார் நிலத்தில் இருக்கலாம், யார் மூட்டை கட்ட வேண்டும், யாருக்கு எவ்வளவு கூலி என்பதெல்லாம் அந்தக் கேள்விக்குக் கிடைத்த பதிலைப் பொறுத்தே அமைந்தது.

1792இல் திப்பு சுல்தானோடு செய்த ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் மலபார் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. பாலக்காடும் அதில் சேர்ந்தது. (பக்கத்திலிருக்கும் சித்தூர் அப்போது கொச்சி ராஜ்யம்.) 1800இல் மலபாரைச் சென்னை ராஜதானியோடு இணைத்தார்கள். வந்தவர்களுக்கு முதல் வேலை வரி. யாரிடம் வாங்குவது? நிலம் யாருடையது? விசாரித்தபோது கிடைத்த சொல் 'ஜன்மம்'. பிறப்பால் வந்த உரிமை. அந்த உரிமை உடையவர் ஜன்மி. கம்பெனி அதிகாரிகள் தங்கள் ஊரில் இதற்கு ஒப்பானவர் யார் என்று தேடினார்கள். நிலச்சுவான்தார் கிடைத்தார். நிலத்தை முழுக்க முழுக்க ஆள்பவர், விற்பவர், வேண்டாதவரை வெளியேற்றுபவர். ஜன்மி என்றால் அவர்தான் என்று கோப்பில் ஏறியது.

இன்னொரு சொல் 'காணம்'. காணக்காரர் ஜன்மிக்கு ஒரு தொகையை மொத்தமாகக் கொடுத்து நிலத்தை எடுத்துக்கொள்வார். அந்தத் தொகைக்கான வட்டியைப் பாட்டத்தில், அதாவது குத்தகையில், கழித்துக்கொண்டு, மிச்சத்தை வருஷா வருஷம் ஜன்மிக்கு அளப்பார். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஒரு கட்டணம் கொடுத்து உரிமையைப் புதுப்பித்துக்கொள்வார். அவருக்குக் கீழே வெறும்பாட்டக்காரர், அவருக்கும் கீழே சேற்றில் இறங்குகிறவர். தஞ்சாவூர்க்காரர் ஒருவரிடம் காணத்தைச் சொன்னால், 'நம்ம ஒத்தி மாதிரி, ஆனால் கொஞ்சம் குத்தகையும் கலந்தது' என்பார். அதில் பாதி உண்மை இருக்கும். ஆங்கிலேய நீதிமன்றம் பாதியில் நிற்கவில்லை. காணம் என்றால் அடமானம் என்று முடிவு கட்டியது. 1856இல் சென்னை சதர் நீதிமன்றம் மலபார் நில உரிமைச் சொற்களுக்கெல்லாம் பொருள் வரையறுத்தபோது அந்தப் பொருள் இறுகிப்போனது.

அடமானம் என்று சொன்ன மாத்திரத்தில் அதன் பின்னால் ஒரு சட்டமே வந்துவிடுகிறது. அடமானத்தை மீட்கலாம். பன்னிரண்டு வருஷம் முடிந்ததும் ஜன்மி பணத்தைத் திருப்பிக் கொடுத்து, தலைமுறைகளாக உழுதவரைக் கிளப்பலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலபார் நீதிமன்றங்களில் வெளியேற்ற வழக்குகள் பெருகின. மாப்பிள்ளைக் குடியானவர்களின் எழுச்சிகள் அடுத்தடுத்து வெடித்தன. மதவெறி என்று சொல்லிப் பலர் ஒதுங்கிக்கொண்டார்கள். வில்லியம் லோகன் ஒதுங்கவில்லை.

லோகன் மலபாரின் கலெக்டராக இருந்தவர். 1881இல் நில உரிமைகளை விசாரிக்கும் தனி ஆணையராக அவரை அரசு நியமித்தது. ஊர் ஊராகப் போய் மனு வாங்கினார், பழைய ஓலைகளைத் தேடிப் படித்தார். அவர் சொன்னதன் சாரம்: நாம் தப்பாக மொழிபெயர்த்துவிட்டோம். ஜன்மி ரோமானியச் சட்டம் சொல்லும் முழு உடைமையாளர் அல்லர். செலவு போக மிஞ்சும் விளைச்சலில் ஜன்மிக்கு ஒரு பங்கு, காணக்காரருக்கு ஒரு பங்கு, உழுதவருக்கு ஒரு பங்கு என்று மூன்றாகப் பிரிந்துவந்த பழைய ஏற்பாடு அது. ஒவ்வொருவர் கையிலும் இருந்தது விளைச்சலில் ஒரு பாகம்தான். மண் முழுவதும் எனக்கே என்று சொல்ல அங்கே யாருக்கும் வழியில்லை.

அவர் சான்றாகக் காட்டியவற்றில் ஜன்ம உரிமையை விற்கும் பத்திரங்களும் உண்டு. அவற்றுக்கு 'அட்டிப்பேறு' என்று பெயர். அட்டுதல் என்றால் நீர் வார்த்தல். விற்கிறவர் நீர் வார்த்துக் கொடுப்பார், வாங்குகிறவர் பெறுவார். நமக்கு இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. சோழர் காலக் கல்வெட்டுகளிலும் நீரட்டிக் கொடுத்த நிலங்கள் நிறைய. கல்யாணப் பந்தலில் இன்றைக்கும் தாரை வார்க்கிறோம். அந்தப் பத்திரத்தில் நிலத்தோடு கைமாறுகிறவற்றின் பட்டியல் இன்னும் சுவையானது: கல், கரடு, காஞ்சிரக் குற்றி, முள், மூர்க்கன் பாம்பு, புதையல், நீரோட்டம் என்று போகும். மூர்க்கன் என்றால் நல்லபாம்பு. பாம்பை எப்படி விற்பது? நம் பக்கத்துப் பழைய கிரயப் பத்திரங்களைப் படித்தவருக்கு விஷயம் உடனே பிடிபடும். நிதி, நிட்சேபம், சலம், தரு, பாஷாணம் என்று அஷ்டபோகங்களை அடுக்குகிற அதே இடம் இது. நாம் சமஸ்கிருதத்தில் ஓதியதை அவர்கள் முள்ளும் பாம்புமாகக் கண்ணில் காட்டினார்கள். ஆங்கிலத்தில் இதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் மாயமந்திரம் போலிருக்கும். பொருளை மட்டும் எடுத்து 'சகல உரிமைகளும்' என்று எழுதினால் பாம்போடு சேர்ந்து ஊரும் காணாமல்போகும்.

காணம் என்ற சொல்லையும் லோகன் குடைந்தார். அது 'காண்' என்ற வினையிலிருந்து வந்தது, காணக்காரர் என்றால் மேற்பார்வை பார்ப்பவர் என்பது அவர் கருத்து. அந்தக் காலத்து நாயர்களுக்கு நாட்டைக் கண்காணிக்கும் பொறுப்பு இருந்தது, அதற்கான பங்குதான் காணம் என்றார். பணம் கொடுத்து எடுப்பதால் காணம், பழந்தமிழில் காணம் என்றால் பொற்காசு என்று சொல்பவர்களும் உண்டு. பதிற்றுப்பத்தின் பதிகம், கபிலருக்குச் சேரன் நூறாயிரம் காணம் கொடுத்ததாகச் சொல்கிறது. லோகன் பழைய மலபாரைக் கொஞ்சம் அழகுபடுத்திப் பார்த்தார் என்று பின்னால் வந்த வரலாற்றாசிரியர்கள் குறை சொன்னார்கள். அந்தக் குறையில் நியாயம் இருக்கிறது. உழுதவருக்கு மூன்றில் ஒரு பங்கு எல்லா இடத்திலும் போய்ச் சேர்ந்திருக்கும் என்று நம்புவது கஷ்டம். ஆனாலும் ஓர் அரசாங்க அதிகாரி, ஒரு மாவட்டத்தின் துயரத்துக்கு மொழிபெயர்ப்புப் பிழையைக் காரணமாக எழுதிக் கொடுத்தது சாதாரணச் செய்தி இல்லை.

அரசு அவர் சொன்னதை அப்படியே ஏற்கவில்லை. 1884இல் சர் டி. மாதவராவ் தலைமையில் இன்னொரு குழு போட்டது. 1887இல் வந்த சட்டம், வெளியேற்றப்படும் குடியானவர் நிலத்தில் செய்த மேம்பாட்டுக்கு ஈடு கொடுக்கச் சொன்னது, அவ்வளவே. லோகனின் 'மலபார் மானுவல்' வெளிவந்ததும் அதே 1887இல். குத்தகையாளரைக் காக்கும் சட்டம் வர 1929 ஆனது. ஜன்மி முறை முழுக்க ஒழிய 1970 ஜனவரி முதல் தேதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

தமிழ்நாட்டுப் பக்கத்திலும் இதே கதை நடந்தது. சென்னை கலெக்டர் எல்லிஸ், மிராசு உரிமை பற்றிய பதினேழு கேள்விகளுக்குப் பதில் எழுதி 1818இல் வெளியிட்டார். காணியாட்சி என்ற தமிழ்ச் சொல்லை அரபியிலிருந்து வந்த மிராசு என்ற சொல்லால் குறித்து, அதை ஆங்கிலத்தில் விளக்க அவர் பட்ட பாடு பெரிது. கடைசியில் என்ன ஆயிற்று? இந்திய அரசியலமைப்பின் 31-ஏ பிரிவை எடுத்துப் பார்த்தால், ஆங்கில மூலத்திலேயே 'ஜன்மம்' என்ற சொல் அப்படியே இருக்கிறது. நூற்றைம்பது வருஷம் நிகர்ச்சொல் தேடியவர்கள் தேடலைக் கைவிட்டு மூலச்சொல்லையே சட்டத்தில் எழுதிவிட்டார்கள். செய்ததில் புத்திசாலித்தனமான காரியம் அதுதான்.

கணவாயிலிருந்து தெற்கே மலை ஏறினால் கதை வேறு திசையில் போகிறது. 1877 ஜூலையில், கொல்லம் ஆண்டு 1052 மிதுனத்தில், பூஞ்சார் ராஜாவிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர் கண்ணன் தேவன் அஞ்சநாட்டு மலையைப் பெற்றார். சுமார் 227 சதுர மைல். 5,000 ரூபாய் முன்பணம், வருஷத்துக்கு 3,000 ரூபாய். ஆங்கிலக் காகிதங்களில் பூஞ்சார் 'பூனியாட்' ஆகிவிட்டது. 1880இல் ஏ.எச். ஷார்ப் பார்வதி என்ற இடத்தில் தேயிலை நட்டார். இன்று அது செவன்மலை எஸ்டேட்டில் சேர்ந்திருக்கிறது. 'ஏழு' என்பதைப் பெயர்த்து மலையை விட்டுவிட்ட பெயர் அது. பாதி மொழிபெயர்ப்போடு நூறு வருஷம் ஓடியிருக்கிறது. பெரியவரை என்ற எஸ்டேட்டில் 'வரை' என்றால் மலை என்பது பழந்தமிழ். கல்லூரியில் உரை எழுதிப் படிக்க வேண்டிய அந்தச் சொல்லைக் கொழுந்து கிள்ளுகிறவர்கள் தினமும் சொல்கிறார்கள். மாட்டுப்பட்டி, மாடு அடைக்கும் பட்டி. இன்றைய பலகைகளில் அது மாட்டுப்பெட்டி. மலையாளத்தில் பட்டி என்றால் நாய் என்பதை நினைத்தால் பெட்டியே தேவலை.

இதற்கிடையில் 1886 அக்டோபர் 29ஆம் தேதி பெரியாற்று அணை ஒப்பந்தம். திருவிதாங்கூர் 8,000 ஏக்கரை, ஏக்கருக்கு 5 ரூபாய் வீதம், 999 வருஷத்துக்குக் கொடுத்தது. நாம் குத்தகை என்கிறோம், அவர்கள் பாட்டம் என்கிறார்கள், மூல ஆவணம் ஆங்கிலத்தில். அதன் பிறகு நடந்ததைத் தினசரிகள் வாராவாரம் எழுதுகின்றன.

தேயிலைத் தோட்டத்தில் மொழிபெயர்ப்பு வேலை, காலையில் ஆள்கணக்கு எடுக்கும் மஸ்டரில் தொடங்கியது. மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஆட்களைக் கூட்டிவந்தவர் கங்காணி. கண்காணி என்பதன் சிதைவு. லோகனின் காணத்தில் இருந்த அதே 'காண்' இங்கே தோட்டத்து வெயிலில் நின்று ஆள் எண்ணுகிறது. ஆங்கிலேயர் மேனேஜர் ஆனார், தொழிலாளிக்கு அவர் பெரிய துரை. அவருடைய உதவியாளர் சின்ன துரை. பதவியைச் சொல்லும் ஆங்கிலச் சொல்லுக்கு ஈடாக வந்து நின்றது எஜமானத்தனத்தைச் சொல்லும் தமிழ்ச் சொல். வரிசையாகக் கட்டிய குடியிருப்பை ஆங்கிலத்தில் லைன்ஸ் என்றார்கள். தமிழ் நாக்கு அதை லயம் ஆக்கியது. சங்கீதக்காரருக்கு லயம் என்றால் தாளத்தின் நடை. மூணாறில் பத்துக்குப் பத்து அறையும் ஒழுகுகிற தகரமும். மலையாளப் பத்திரிகைகளும் இன்று 'லயங்கள்' என்றே எழுதுகின்றன. கொழுந்தும் அப்படியே மலையாளத்துக்குப் போய்விட்டது. இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்று ஆங்கிலம் நீட்டிச் சொல்வதைத் தமிழ் ஒற்றைச் சொல்லில் முடிக்கும்போது யார்தான் கடன் வாங்க மாட்டார்கள்?

துரைமாருக்குத் தமிழ் கற்றுத்தரக் கொழும்பில் கையேடுகள் வந்தன. ஒன்றின் பெயர் 'இங்கே வா'. இன்னொன்று 'கூலித் தமிழ்'. முதல் தலைப்பிலேயே பிரச்சினை முழுவதும் இருக்கிறது. ஆங்கிலத்தின் முன்னிலைச் சொல் ஒன்றுதான். ராணிக்கும் அதுதான், வண்டிக்காரருக்கும் அதுதான். தமிழில் நீ, நீர், நீங்கள், தாங்கள் என்று படி வைத்திருக்கிறோம். கையேடு எழுதியவர்கள் கீழ்ப்படியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். வா, போ, எடு, வை. ஐம்பது வயதுக் கிழவியையும் இருபத்திரண்டு வயதுச் சின்ன துரை 'நீ' என்றுதான் கூப்பிட்டார். அது இலக்கணம் தெரியாததால் வந்த பிழை அல்ல. தெரிந்து தேர்ந்த நிகர்ச்சொல். பதிலுக்குத் தொழிலாளி துரையை 'நீங்கள்' என்றும் சொல்லவில்லை. 'தொரை சொன்னாக்க செய்றோம்' என்று ஆளையே பெயராக்கிப் படர்க்கையில் நிறுத்திவிட்டார்.

இதே ஆங்கில முன்னிலைச் சொல்லோடு மல்லுக்கட்டிய இன்னொரு நாடு இந்தோனேசியா. அங்கேயும் காமு, எங்காவ், சௌதாரா, பாப்பாக், இபு என்று ஆளுக்கேற்ற விளி. விளம்பரத்தில், பத்திரிகையில், முகம் தெரியாத ஆயிரம் பேரை ஒரே சொல்லில் எப்படிக் கூப்பிடுவது? 1957இல் 'அண்டா' என்ற சொல்லை இதற்காகவே புழக்கத்தில் விட்டார்கள். ஆங்கிலத்திலிருந்து இந்தோனேசிய மொழிக்குப் பெயர்ப்பவர்கள் இன்றும் அதைக் கைத்தடி போலப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். விளம்பரத்தில் நன்றாக ஓடுகிறது. பள்ளிக்கூடத்தில் பையன் ஆசிரியரைப் பார்த்து 'அண்டா' என்று சொல்ல மாட்டான். பாப்பாக் என்பான், இபு என்பான். நம் ஊரில் ஆங்கிலம் படித்த பிள்ளையும் வாத்தியாரை 'சார்' என்று பெயராக்கிக் கூப்பிடுவது போலத்தான். அமெரிக்க மொழியியலாளர் யூஜின் நைடா 1964இல், வடிவத்தில் நிகர் தேடுவது ஒன்று, கேட்பவரிடம் அதே விளைவை உண்டாக்குவது இன்னொன்று என்று பிரித்துக் காட்டினார். பைபிள் பெயர்ப்பவர்களுக்கு உதவிய அந்தப் பிரிவினையை மூணாறு மஸ்டரில் வைத்துப் பார்த்தால் கொஞ்சம் திகைக்கத்தான் வேண்டும். அங்கே துரை விரும்பிய விளைவே கீழ்ப்படிதல். 'இங்கே வா' அந்த விளைவைச் சரியாக உண்டாக்கியது.

'கூலி' இன்னும் தூரம் போன சொல். தமிழில் அது சம்பளம். வேலைக்குக் கொடுக்கும் காசு. ஆங்கிலம் அதை எடுத்து ஆளுக்குப் பெயராக வைத்தது. குஜராத்தின் கோலி என்ற சமூகப் பெயரும் இதில் கலந்திருக்கிறது என்பார்கள். எப்படியானாலும் தமிழ்த் தொழிலாளிக்கு அவன் வாங்கும் காசே பெயராகிவிட்டது. டச்சுக்காரர்கள் 1880இல் சுமத்ராவின் தெலித் தோட்டங்களுக்கு ஒரு கூலிச் சட்டம் போட்டார்கள். வேலையை விட்டு ஓடினால் தண்டனை. இந்தோனேசிய மொழியில் 'கூலி' இன்றும் உடலுழைப்புக்காரரைக் குறிக்கிறது. அதே மொழியில் மூலதனத்துக்கு 'மொடால்' என்று பெயர். நம் 'முதல்' கப்பலேறிப் போனது. முதலும் கூலியும் இரண்டுமே தமிழிலிருந்து போய் அங்கே எதிரும் புதிருமாக நிற்கின்றன. நாமோ முதலை விட்டுவிட்டு மூலதனம் என்று சமஸ்கிருதத்தில் பெயர்த்துக்கொண்டோம்.

வண்டன்மேட்டுப் பக்கம் ஏலக்காய் வியாபாரிகளிடம் ஒரு பழைய சிரிப்பு உண்டு: ஏலத்தை ஏலம் விடுகிறோம். காய்க்குப் பெயர் ஏலம், கூவி விற்பதற்கும் ஏலம். மலையாளத்தில் இந்தக் குழப்பம் இல்லை, அவர்கள் லேலம் என்கிறார்கள். போர்த்துக்கீசிய லெயிலாவோ என்ற சொல் மலையாளத்தில் லகரத்தோடு தங்கியது, தமிழில் முதல் எழுத்தை உதிர்த்துவிட்டு ஏலம் ஆனது. ஜகார்த்தாவில் அதே சொல் 'லெலாங்'. இன்று புற்றடியிலும் போடிநாயக்கனூரிலும் கணினித் திரையில் ஏலம் நடக்கிறது. விலை ஏறுவது ஆங்கில எண்ணில். பேச்சு தமிழும் மலையாளமும். யாரும் எதையும் மொழிபெயர்ப்பதில்லை, யாருக்கும் புரியாமலும் இல்லை. நிகர்ச்சொல் தேடும் பண்டிதர்கள் ஒருநாள் அங்கே போய் உட்கார்ந்து பார்க்கலாம்.

1956 நவம்பர் 1. மொழிவாரி மாநிலங்கள். தென் திருவிதாங்கூரின் நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தில் நின்றன. தோட்டத் தமிழர்கள் நிலையான குடிகள் அல்லர், வந்து போகிறவர்கள் என்ற வாதம் அன்று பலமாக வைக்கப்பட்டது. மூன்று தலைமுறையாக அங்கேயே பிறந்து அங்கேயே புதைந்தவர்களைப் பற்றிய பேச்சு அது. போக்குவரவு என்ற சொல்லை அவர்களுக்கும் போட்டுவிட்டார்கள் போலும்.

கண்ணன் தேவன் மலையிலும் ஜன்மம் திரும்பி வந்தது. 1971இல் கேரளம் அந்த நிலங்களை மீட்கச் சட்டம் போட்டது. தோட்டக் கம்பெனி உச்ச நீதிமன்றம் போனது. 1972இல் நடந்த வழக்கின் முக்கியக் கேள்விகளில் ஒன்று, பூஞ்சார் ராஜா கொடுத்த நிலம் 'ஜன்ம உரிமை' என்ற சொல்லுக்குள் அடங்குமா என்பது. அடங்கும் என்றது நீதிமன்றம், சட்டம் நின்றது. பாலக்காட்டில் குடியானவரைக் கிளப்பிய சொல், மூணாறில் தோட்டக் கம்பெனியின் நிலத்தை அரசுக்கு வாங்கிக் கொடுத்தது. நம் நீலகிரிக் கூடலூரில் ஜென்ம நில வழக்குகளோடு வாழ்பவர்களுக்கு இந்தச் சொல்லின் ஆயுள் இன்னும் நன்றாகத் தெரியும்.

2015 செப்டம்பரில் மூணாறு தெருவில் ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளிப் பெண்கள் உட்கார்ந்தார்கள். போனஸை முந்தைய வருஷம் கொடுத்த 19 சதவீதத்திலிருந்து 10ஆகக் குறைத்ததுதான் பொறி. கேட்டது 20. தொழிற்சங்கத் தலைவர்களைக் கிட்டே சேர்க்கவில்லை. தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் 'பொம்பிளை ஒருமை'. மலையாளப் பத்திரிகைகள் 'பெம்பிளை ஒருமை' என்று எழுதின. ஆங்கிலப் பத்திரிகைகள் பெண்கள் ஒற்றுமை என்று பெயர்த்தன. பெயர்ப்பு சரிதான், ஆனால் சாரம் இறங்கிவிட்டது. பொம்பளை என்பது தமிழ் மேடைகளில் மரியாதைக் குறைவான சொல். அவர்கள் அதைத்தான் கொடியில் ஏற்றினார்கள். ஒருமை என்றால் தமிழ் இலக்கணத்தில் பன்மைக்கு எதிர்ப்பதம். மலையாளத்தில் 'ஒரும' என்றால் ஒற்றுமை. மலையாளச் சொல் ஒன்று தமிழ் ஐகாரத்தைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கிறது அந்தப் பெயர். எந்த மொழிபெயர்ப்பாளரும் துணிந்து செய்யாத கலப்பு. இருபுறமும் உடனே புரிந்தது.

ஒன்பதாம் நாள் உடன்பாடு வந்தது. 20 சதவீதம் கிடைத்தது. காகிதத்தில் அது 8.33 சதவீதம் போனஸ், 11.67 சதவீதம் கருணைத் தொகை. கூட்டினால் இருபதுதான். உரிமையாகக் கேட்டதில் பாதிக்கு மேல் கருணையாக எழுதப்பட்டது. எண்ணில் நிகர், சொல்லில் நிகர் இல்லை.

கேரளத்தின் 1969ஆம் வருஷ ஆட்சிமொழிச் சட்டத்தில் தமிழருக்கும் கன்னடருக்கும் ஓர் இடம் இருக்கிறது. தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும், சிறுபான்மைப் பகுதி என்று அறிவித்த ஊர்களின் அரசு அலுவலகங்களுக்கும் அவர்கள் தங்கள் மொழியிலேயே எழுதலாம். பதிலும் அதே மொழியில் வர வேண்டும். அப்படியானால் மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கும் எழுத்தரிடம் சொற்கள் இருக்க வேண்டும். லோகன் தமது நூலின் இரண்டாம் பாகத்தில் மலபார்ச் சொற்களுக்கு நீளமான அகராதி சேர்த்தது, கப்பலிலிருந்து இறங்கும் ஆங்கில அதிகாரி தடுமாறக்கூடாது என்பதற்காக. கிராம அலுவலக வாசலில் நிற்கும் தமிழருக்கு அவ்வளவு பெரிய நூல் வேண்டாம். மூன்று பத்தி போட்ட நாலு பக்கத் தாள் போதும்: போக்குவரவு என்றால் பட்டா மாற்றம், தண்டப்பேர் என்றால் வரிக்கணக்குப் பெயர், கரம் என்றால் வரி, பாட்டம் என்றால் குத்தகை. எல்லையின் இரண்டு பக்கத்திலும் வருவாய்த்துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்கள் நாலு பேர் ஒரு மாதம் உட்கார்ந்தால் முடிகிற வேலை. அது வரும்வரை, அறிவிக்கப்பட்ட ஊர்களில் இருப்பவர்கள் மனுவைத் தமிழில் எழுதி, 1969ஆம் வருஷச் சட்டத்தை மேலே குறிப்பிட்டு, பதிலைத் தமிழில் கேட்டு வாங்குங்கள்.